சந்தியில் நான் திரும்பி நின்ற அரை நிமிடம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குசினிக்குள் போன நான் கனநேரம் திரும்பி வரவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அடுப்பில் ஏதோ கருகுகிறதாக்கும் என்று அப்பா சொல்லிச் சமாளித்தார். ஒன்றும் கருகவில்லை, அடுப்பு அணைத்துத்தான் இருந்தது. நீ சொல்லிக்கொண்டிருந்த கதையைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. பிறகு இரண்டு முறை உனக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு முறையும் "என்னம்மா, சுகமோ" என்று நீ கேட்டதும், வழுக்கும் ரோட்டையும் என் முழங்காலையும் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராதது கையால் வரும் என்று நம்பி இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்குப் பஞ்சி என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாதி வகுப்புகளை ஸ்கீ ஓட்டத்துக்காகத் தவறவிட்ட பிள்ளை நீ. ஆனாலும் ஆறுதலாக இருந்து எழுத்துக் கூட்டியாவது வாசி. தொலைபேசியால் படமெடுத்து மொழிபெயர்க்கக் கொடுத்துவிடாதே. போன நத்தாருக்கு நான் எழுதிய கறிக் குறிப்பை அது என்ன பாடு படுத்தியது என்று உனக்கே தெரியும்.

நீ சொன்ன கதை இதுதான். இந்த வருடம் உன்னைத் தெரிவுக்குழுவில் போட்டிருக்கிறார்கள். ஒஸ்லோவில் ஸ்கீ ஓடுகிற பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் யார் வட்டார அணியில் போவது, யார் வீட்டில் நிற்பது என்று முடிவெடுக்கிற மூன்று பேரில் நீ ஒருவன். கடைசித் தெரிவுப் போட்டியில் ஒரு பெண்பிள்ளை பிழையான தடத்தில் போய்விட்டாள். அந்தப் போட்டியை விட்டுவிட்டு மிச்சத்தை வைத்துப் பாருங்கள் என்று அவளுடைய தகப்பன் உங்களுக்கு நீளமாக எழுதியிருக்கிறார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "தடம் எங்கை போகுது எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறது ஓடுற ஆளின்ர பொறுப்பு, அம்மா. ரெகெல் எண்டா ரெகெல்தான்" என்றாய், விதியென்றால் விதிதானாம். அடுத்த கிழமை புதன் கூட்டத்தில் அந்தக் கடிதத்துக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை என்றும் சொன்னாய். அப்பா தலையை ஆட்டினார். நான் எழும்பிப் போனேன்.

நீ சொன்ன விதி பிழையென்று நான் சொல்ல வரவில்லை. அந்த விதி எனக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாக அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறேன். உன்னைவிட அதை நான்தான் அதிகமாக நம்பியிருப்பேன், நம்பவேண்டிய தேவை எனக்குத்தான் இருந்தது. சிவேர்ட் பிழையான தடத்தில் போன நாளைப் பற்றித்தான் சொல்கிறேன். அவனுடைய பெயரை நம்முடைய வீட்டில் சொல்லியே எவ்வளவு காலம். வெஸ்ட்லியில் எங்கள் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த நோர்வேஜியப் பெடியன். நான்கு வருடம் உன்னோடு ஒரே காரில் வந்தவன்.

எங்களுக்கு ஸ்கீ வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். நிலத்தடி ரெயில் முடிகிற இடத்திலேயே காடு தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள் என்று நீ அழ, யாரோ போட்டு முடித்த பலகைகளை வாங்கித் தந்தோம். வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டிய காலத்தில் பட்ட குளிர் இந்தப் பிறவிக்குப் போதும் என்று அப்பா காட்டுப் பக்கமே வரமாட்டேன் என்றார். ஆனால் தன்னுடைய ஒரு சேட்டைக்கூட ஒருநாளும் அயன் பண்ணாத மனிசன், பல்கனியில் மேசை போட்டு உன்னுடைய ஸ்கீக்கு மெழுகு தேய்த்து அயன் பண்ணப் பழகினார். சனி, ஞாயிறுகளில் அவருக்கு பஸ் ஓட்டுகிற வேலை. ஆகவே உன்னைக் கொண்டு திரிந்தது நான். வயோதிபர் இல்லத்தில் வெள்ளி மாலை வேலை முடித்து வந்து, ரோல்ஸ் பொரித்து, விடிய எழும்பிக் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டி, உன்னையும் சிவேர்ட்டையும் ஏற்றிக்கொண்டு போவேன். அவனுடைய தாய் ஒற்றை ஆள், கடையில் வேலை, காரில்லை. பெற்றோர் அழைத்து வராவிட்டால் இந்த விளையாட்டில் ஒரு பிள்ளை ஒரு குளிர்காலம்கூட நிற்க முடியாது, அது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மற்றத் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து அவனும் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவான். ரோல்ஸில் உறைப்புக் கூட என்றால் மூக்கு வடிய வடியச் சாப்பிடுவானே தவிர, வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

நீங்கள் இருவரும் பதினாறு வயதான அந்தக் குளிர்காலத்தில் வட்டார அணி என்ற பேச்சு வந்தது. அதுவரைக்கும் யார் முதல், யார் கடைசி என்று பெரிதாகப் பார்க்காத ஊர், திடீரென்று பட்டியல் போடத் தொடங்கியது. நான்கு தெரிவுப் போட்டிகள், அதில் மிக நல்லதாக ஓடிய மூன்று சேரும், ஒன்றை விட்டுவிடலாம். வந்த இடத்துக்கு ஏற்றபடி புள்ளி. ஒரு போட்டி தோற்றாலும் பிள்ளை உடைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. சிவேர்ட்டுக்கு இரண்டாம் போட்டி நாள் காய்ச்சல். ஆகவே அவன் விடக்கூடிய ஒன்றை விட்டாயிற்று. மிச்சம் மூன்றும் கட்டாயம் எண்ணப்படும். மூன்றாவது போட்டி முடிய, அணியில் ஒரேயொரு இடம் மிச்சம் இருந்தது. அது உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான், அவன் உன்னைவிடக் கொஞ்சம் முன்னுக்கு. இதை நீயும் அவனும் காரின் பின் ஆசனத்தில் இருந்து கணக்குப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்கு அது பகிடி. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நான்தான் அந்தக் கணக்கை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உன்னுடைய பெயர் அந்தப் பட்டியலில் வரவேண்டும், நீ ஒஸ்லோ என்று எழுதின ஜக்கெற் போடவேண்டும், அதைப் படமெடுத்து மன்னாருக்கும் லண்டனுக்கும் அனுப்பவேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு. நீ ஆசைப்பட்டதைவிட நான் ஆசைப்பட்டேன். அதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசிப் போட்டியை நடத்துகிற முறை எங்கள் கழகத்துக்கு வந்தது. இங்கே டுக்னாட் என்றால் தப்ப வழியில்லை, ஊரில் சிரமதானம் என்போமே, அதுதான். ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். நான்கு வருடமும் எனக்கு வாஃபிள்தான். நான் நன்றாகச் சுடுகிறேன் என்று எல்லோரும் புகழ்வார்கள், புகழ்ந்து புகழ்ந்து என்னை அந்த மேசையிலேயே வைத்துவிட்டார்கள். பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்களோ, நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேனோ தெரியாது. அந்த முறை பெற்றோர் கூட்டத்தில் கையை உயர்த்தி, எனக்குத் தடத்தில் நிற்கிற வேலை தாருங்கள் என்று கேட்டேன். ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தாராளமாக என்று சொல்லி மஞ்சள் அங்கியைத் தந்தார்கள். நீ அன்றைக்கு வீட்டில் வைத்து, "அம்மா, வாஃபிளை இனி ஆர் சுடுறது?" என்று நக்கலடித்தாய்.

எனக்குக் கொடுத்த இடம் ஏற்றம் முடிகிற சந்தி. இடது பக்கம் சின்னப் பிள்ளைகளின் குறுக்குத் தடம், வலது பக்கம் உங்கள் வயதுக்காரரின் நீளத் தடம். மறித்து வைக்கப் பலகை போதவில்லை. கடைசிச் சின்னப்பிள்ளை போனவுடன் நீங்களே இடது தடத்தின் வாயில் நின்று மறித்துக்கொள்ளுங்கள், கையை வலது பக்கம் காட்டினால் போதும் என்று பயிற்சியாளர் சொன்னார். அவ்வளவுதான் வேலை. ஒரு இடத்தில் அசையாமல் நிற்பது. பனி தூறிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் முழுக்கப் போய் முடிந்து பத்து நிமிடமாகிவிட்டது. உங்கள் வயதுப் பிரிவில் அரை நிமிடத்துக்கு ஒருவராக வரத் தொடங்கினார்கள். சீட்டுக் குலுக்கியதில் நீ பன்னிரண்டாவது, சிவேர்ட் பதின்மூன்றாவது, உனக்குச் சரியாகப் பின்னால். முதல் பதினொரு பேரையும் நான் ஒழுங்காகக் கை காட்டித்தான் விட்டேன்.

நீ வர முன்னம் பெரியம்மாவுக்கு வீடியோவில் எடுத்தேன். மன்னாரில் பின்னேரம் மூன்றரை. அவள் மதியச் சாப்பாடு முடித்து விசிறிக்குக் கீழே இருந்தாள். முதலில் அங்கியோடு என்னைத்தான் காட்டினேன். "என்னடி, ட்ராஃபிக் பொலிஸ் மாதிரி நிக்கிறாய்" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை. பிறகு நீ ஏற்றத்தில் வருவதைக் காட்டினேன், மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பனி. பிள்ளைக்கு உடுப்புப் போதாது என்று அவள் அங்கிருந்து கத்தினாள். நீ என்னைத் தாண்டி வலது பக்கம் போனாய். நான் உன்னைப் படத்துக்குள் வைத்திருக்க வேண்டுமென்று உனக்குப் பின்னால் அந்தத் தடத்தில் பத்துப் பதினைந்து அடி போனேன். சந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி. எங்கட ஆட்களில்தான் இந்த வியாதி இருக்கிறது, பிள்ளை ஓடுவதைப் பார்ப்பதைவிட ஓடுகிறான் என்று உறவுக்குக் காட்டுவது பெரிதாகிவிடும். இடது தடத்தின் வாய் அப்போது ஆளில்லாமல் திறந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் போய்ப் போய் ஆழமாகிய தடம் அது. தலையைக் குனிந்து ஏறி வருகிற பிள்ளையின் ஸ்கீ தானாகவே அதற்குள்தான் போகும்.

இதுவரைக்கும் எழுதினது கவனயீனம். இது மட்டுமென்றால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன், கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடித்திருப்பேன். மிச்சத்தை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவைத் தூக்குவதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் திரும்பினபோது, இடது தடத்தில் ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான். இருபது, இருபத்தைந்து மீற்றர் தூரம். யாரோ பிந்தின சின்னப்பிள்ளை என்றுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய், தம்பி. சின்னப் பிள்ளைகள் முடிந்துவிட்டது எனக்குத் தெரியும். அந்த முதுகையும் எனக்குத் தெரியும். சிவேர்ட்டுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், நான்கு வருடம் பார்த்த தோள். ஒரு சத்தம் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். திரும்பி ஏறிவர அரை நிமிடம் போயிருக்கும், அவ்வளவுதான், அவன் பிடித்திருப்பான், அவனுக்கு அந்த வலு இருந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. சத்தம் வந்திருக்கும். நான்தான் கூப்பிடவில்லை. பெரியம்மா தொலைபேசிக்குள் இருந்து எங்கை பிள்ளை, எங்கை பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதை அணைத்துப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு, இடது தடத்தின் வாயில் போய் நின்று, பதினாலாவது பிள்ளைக்கு ஒழுங்காகக் கை காட்டினேன்.

மற்றது உனக்குத் தெரியும். அவன் வரவேண்டிய நேரத்துக்கு மிக முன்னதாக முடிவுக்கோட்டுக்கு வந்து, ஒன்றும் விளங்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனுடைய ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பயிற்சியாளர் என்னிடம் நடந்து வந்து, சந்தியில் எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் இரண்டே சொல்லில் எல்லாம் சரி என்றேன். அவர் சந்தேகப்படவில்லை. இந்த ஊரில் டுக்னாட்டில் நிற்கிற ஆள் பொய் சொல்வார் என்று யாரும் நினைப்பதில்லை. தடத்தைத் தெரிந்துவைப்பது ஓடுகிறவரின் பொறுப்பு என்று அவர் அவனுடைய முதுகில் தட்டிச் சொன்னார், நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வசனம். அவன் ஓம் என்று தலையாட்டினான். ஒருதரம்கூட அன்ரி அந்த இடத்தில் நிற்கவில்லை என்று சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அல்லது தன்னில்தான் பிழை என்றே நினைத்தானோ, எனக்குத் தெரியாது.

அணியில் உன் பெயர் வந்தது. ஜக்கெற்றும் வந்தது. பங்குனியில் நீ அந்த அணியோடு போய் ஓடினாய். முடிவுப் பட்டியலில் உன்னைத் தேட நான் கீழே கீழே இறங்கவேண்டியிருந்தது, ஆனாலும் நீ சந்தோஷமாகத்தான் வந்தாய், எனக்கு அது போதும். ஆனால் அதற்கு இடையில் நான் இன்னொன்று செய்தேன். போட்டி முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது கண்ணாடியில் சிவேர்ட்டின் முகம் தெரிந்தது. அவன் உன்னை வாழ்த்தினான், ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டான், இறங்கும்போது வழக்கம் போல நன்றி அன்ரி என்றான். அந்த நன்றியை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை அவனுடைய தாய்க்குச் செய்தி அனுப்பினேன், வேலை நேரம் மாறிவிட்டது, நேரே வேலையிலிருந்து வருகிறேன், இனிமேல் காரில் இடமிருக்காது என்று. உனக்கு வேறொன்று சொன்னேன். "சிவேர்ட் ஏனம்மா வாறேல்லை? கதைக்கிறானும் இல்லை" என்று நீ கேட்டாய். நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அவனுக்கு எரிச்சல், தம்பி. உனக்கு இடம் கிடைச்சது பொறுக்கேல்லை. கண்ணூறு பட்டிடும், கொஞ்சம் தள்ளி நில்." நீ நம்பினாய். அம்மா சொன்னால் நம்புகிற வயதைத் தாண்டியிருந்தாய், ஆனாலும் நம்பினாய். பள்ளியில் இடைவேளையில் வேறு மேசைக்குப் போய் இருக்கத் தொடங்கினாய். அந்த வசந்தத்தோடு அவன் ஸ்கீயை விட்டுவிட்டான். அடுத்த ஆவணியில் ஆளுக்கொரு பள்ளி, பிறகு நாங்கள் பியோர்ண்டாலுக்கு வீடு மாறினோம், அத்தோடு சரி.

நான் அவனுடைய இடத்தை எடுத்ததைவிட இதுதான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு வெட்கமென்றால் அதை நான் சுமந்திருக்க வேண்டும். அதை ஒரு பிள்ளையின் தலையில் எரிச்சல் என்று வைத்துக் கட்டினேன். உனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ சினேகிதர் வந்தார்கள். ஆனால் ஒருவர் இரண்டு நாள் தொலைபேசி எடுக்காவிட்டால், அவருக்கு என்னில் எரிச்சலாக்கும் என்று நீ சொல்வாய். ஒவ்வொரு முறையும் என் குரல் உன் வாயிலிருந்து வருகிறது போல எனக்குக் கேட்கும். மாற்றிச் சொல்லத்தான் நினைப்பேன். பிறகு சோறு ஆறுகிறது சாப்பிடு என்பேன். களைத்துப்போனேன், தம்பி. முழங்கால் நோவையும் இரவு வேலையையும் சொல்லவில்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது. ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு தினமும் அதைச் சுற்றி நடக்கிற களைப்பு இது.

ஞாயிறு நீ போன பிறகு எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். "இப்ப ஏன் இதைக் கிளறுறாய்? பெடியன் நல்லா இருக்கிறான்தானே" என்றார். எந்தப் பெடியன் என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய்ச் சன்னலருகில் நின்றார். நேற்று வியாழக்கிழமை, வேலை முடிந்து நேரே வெஸ்ட்லிக்கு ரெயில் எடுத்தேன். மூன்றாம் மாடியில் அதே பெயர்தான் மணிக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்ததே அவன்தான். இப்போது மின்சார வேலை செய்கிறானாம், வியாழக்கிழமைகளில் தாயோடு சாப்பிட வருவானாம். தாடி வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் அன்ரி என்றான். உள்ளே வரச் சொன்னான், தாயும் கூப்பிட்டாள். நான் வெளியே நின்றே கதைத்துவிட்டுப் போகிறேன், கடைசி பஸ் வரை நிற்கமாட்டேன் என்றேன். பியோர்ண்டாலுக்கா, நான் கொண்டுபோய் விடுகிறேன், வாருங்கள் என்றான். வேண்டாம் என்றேன். அதற்குள் அவன் என்னோடு கீழே இறங்கி வந்து, தன் வேலை வானின் முன் ஆசனத்தில் கிடந்த வயர்ச் சுருளை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டான்.

நகரத்தைக் கடக்கும்வரை ரோட்டையும் என் முழங்காலையும் பற்றித்தான் கதைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதியதைப் போலவே, ஒன்றையும் குறைக்காமல். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பி நின்றது அப்போதே அவனுக்குத் தெரியுமாம். ஆனால் பார்த்துக்கொண்டே விட்டேன் என்பது தெரியாதாம். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவேண்டும் என்றுகூட விரும்பினேன். பிறகு நோர்வேஜிய மொழியில் அவன் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். "அந்த ஓட்டத்தை நான் அடுத்த வருடமே மறந்துவிட்டேன். காரில் ஏன் என்னை ஏற்றாமல் விட்டீர்கள் என்பதைத்தான் இவ்வளவு காலமும் யோசித்தேன்." அந்தச் செய்தி வந்த பிறகும், தாய்க்குப் பிழையாக விளங்கியிருக்கும் என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை ஸ்கீயோடு கீழே வந்து நின்றானாம். எங்கள் கார் அவனைத் தாண்டிப் போனதாம். நீ பின் ஆசனத்தில் இருந்தாயாம். நீ அவனைக் காணவில்லை என்று எனக்குத் தெரியும், நீ குனிந்து ஸ்கீப் பலகைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாய். நான் கண்டேன். அதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் அவன், நீ கண்டும் காணாத மாதிரி இருந்தாய் என்று நினைத்திருக்கிறான். அவன் ஏதோ பிழை செய்துவிட்டான், அதனால்தான் நீ கோபம் என்று. ஒன்பது வருடமாக அவனுக்கு நீ கோபம், உனக்கு அவன் எரிச்சல். இரண்டும் நான் உண்டாக்கினது, இரண்டிலும் ஒரு பொட்டு உண்மையில்லை. அந்த வானுக்குள் இருந்தே அழுதேன். அவன் டாஷ்போர்டிலிருந்து கடதாசித் துவாலை எடுத்துத் தந்தான்.

இனி வருகிற புதன்கிழமை உன் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெண்பிள்ளையை அணியில் போடு என்று நான் சொல்லவில்லை. அவள் உண்மையாகவே தடத்தைப் படிக்காமல் போயிருக்கலாம், அந்த இடத்துக்கு நேர்மையாக ஓடின இன்னொரு பிள்ளை காத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தை ஓரமாக வைக்க முதல் ஒன்று செய். அவளை விசாரிக்காதே, அந்தச் சந்தியில் மஞ்சள் அங்கியோடு நின்றது யார் என்று கேட்டு அந்த ஆளோடு கதை. தொலைபேசியில் கேட்காதே, நேரே போய்க் கேள். எல்லாம் சரி என்று கெதியாகச் சொன்னால் இன்னொரு தடவை கேள். என்னை ஒருவர் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன். விதி ஓடுகிற பிள்ளையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. நிற்கிற பெரிய ஆட்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

என்னை மன்னிப்பதும் விடுவதும் உன் விருப்பம். அதற்கு அவசரமில்லை, அடுத்த ஞாயிறு வராவிட்டாலும் நான் விளங்கிக்கொள்வேன், சோற்றை அப்பா சாப்பிடுவார். அந்த ஜக்கெற்றைப் பார்க்கவே உனக்கு அருவருப்பாக இருக்கலாம். ஓடினது நீ, உன் கால்கள், அதில் பொய் இல்லை. அந்த நாளில் நீ செய்தது ஒன்றும் பிழையில்லை, இதை மட்டும் இரண்டு தடவை வாசி. பிறகு நான் சொல்ல ஒன்றுதான் மிச்சம். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோது, தம்பியை இங்கே ஒருநாள் வரச் சொல்லட்டா, நீயும் வருவாயா என்று சிவேர்ட்டிடம் கேட்டேன். அவன் சிரித்துத் தோளைக் குலுக்கினான், வரமாட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவனிலும் பிழையில்லை. காரில் இடமில்லை என்று சொன்னது எங்கள் பக்கம். அவன் ஒருதரம் கீழே வந்து நின்று பார்த்துவிட்டான். இனி அவன் வரமாட்டான், தம்பி. நீதான் போகவேண்டும்.

அம்மா